தாலூத் மன்னரும் அவர் சொல்லை மறுத்தவர்களும்

திருக்குர்ஆனின் இரண்டாவது ஜுஸ்வு முடிகிற இடத்தில் தாலூத் என்னும் மன்னரின் வரலாறு வருவதை ஓதுகிற சகோதர சகோதரிகள் யாவரும் அறிவர். மூஸா (அலை) அவர்களுக்குப் பின்வந்த பனூ இஸ்ராயீல் பிரமுகர்கள் தங்கள் நபியிடம் சென்று, அல்லாஹ்வின் பாதையில் போர் புரிவதற்குத் தங்களுக்கு ஓர் அரசரை ஏற்படுத்தித் தருமாறு வேண்டினார்கள். தாலூத் நியமிக்கப்பட்டார். செல்வமில்லாத அவருக்கு எங்கிருந்து வந்தது இந்த அரசுரிமை என்று அவர்களே முணுமுணுத்தார்கள். அல்லாஹ் அவருக்கு அறிவிலும் உடலமைப்பிலும் மேன்மை அளித்திருக்கிறான் என்று அந்நபி விளக்கினார்கள். தாபூத் என்னும் பேழை அடையாளமாகத் திரும்பி வந்தது. ஆற்று நீரால் படை சோதிக்கப்பட்டது. சிறு கூட்டம் பெருங்கூட்டத்தை வென்றது. தாவூத் (அலை) அவர்கள் ஜாலூத்தைக் கொன்றார்கள். இத்தனையும் ஸூரத்துல் பகராவின் 246 முதல் 251 வரையுள்ள ஆறு வசனங்களில் அடங்கிவிடுகின்றன. அத்துடன் தாலூத்தைப் பற்றிய பேச்சு நின்றுவிடுகிறது.

பின்னர் அந்த மன்னர் என்ன ஆனார் என்று கேட்பவர்கள் உண்டு. குர்ஆன் கூறாமல் விட்டதைத் துருவிப் பார்ப்பது அவசியந்தானா என்று கேட்பவர்களும் உண்டு. அவருடைய பிற்கால வாழ்வு யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஓதும் பழைய ஏற்பாட்டில், சாமுவேலின் பெயரால் அமைந்த முதல் நூலில், விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அங்கே அவர் பெயர் சவுல். இமாம் தபரீ போன்ற நம் சரித்திராசிரியர்களும் அதில் ஒரு பகுதியை வேறு உருவில் எழுதிவைத்திருக்கிறார்கள். வேதக்காரர்கள் சொல்லும் இத்தகைய செய்திகளை உண்மையென்று சாதிக்கவும் வேண்டாம், பொய்யென்று தள்ளவும் வேண்டாம் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய வழி. அந்த எல்லைக்குள் நின்றே கீழ்வருவனவற்றை எழுதுகிறோம். அந்நூல்களின் பிற்பகுதியில் தாவூத் (அலை) அவர்களையும் உரியா என்னும் போர்வீரரையும் பற்றி வரும் கதையை, நபிமார்களின் மாசின்மையில் நம்பிக்கை கொண்ட நாம் ஏற்பதில்லை. அது இங்கே நமக்கு விஷயமும் அல்ல.

தாலூத்தின் வாழ்வை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. மன்னருக்கு விசுவாசமாக இருப்பது ஒன்று, மன்னர் சொன்னதையெல்லாம் செய்வது மற்றொன்று. இவ்விரண்டையும் உலகம் எப்போதும் ஒன்றாகவே எண்ணி வந்திருக்கிறது. இவருடைய சரிதையிலோ அவை இரண்டும் எதிர் எதிராக நிற்கின்றன. அவருடைய சொல்லை மறுத்தவர்கள்தாம் கடைசிவரை அவருக்கு நன்மையாக நின்றார்கள்.

தாலூத் பென்யமீன் கோத்திரத்தவர். தந்தை பெயர் கீஸ். ஊர் கிபியா. பைத்துல் முகத்தஸுக்கு வடக்கே சுமார் மூன்று மைல் தொலைவில் தல் அல்ஃபூல் என்று அரபியில் வழங்கும் குன்றே அந்தக் கிபியா என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஆல்பிரைட் என்னும் அமெரிக்க அறிஞர் 1922இலும் 1933இலும் அங்கே அகழ்ந்து பார்த்தார். (ஜோர்டான் மன்னர் ஹுஸைன் அதே குன்றின் உச்சியில் தமக்கோர் அரண்மனை கட்டத் தொடங்கி, 1967ஆம் ஆண்டுப் போரால் அது அரைகுறையாகவே நின்றுபோனது. அரசர்களுக்கு அந்தக் குன்று ராசியில்லை போலும்!) காலம், ஏறத்தாழ கி.மு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி.

தந்தையின் கழுதைகள் காணாமற் போயின. வேலையாள் ஒருவனை அழைத்துக்கொண்டு அவற்றைத் தேடப் புறப்பட்டார் மகன். ஊர் ஊராக அலைந்தும் கிடைக்கவில்லை. தந்தை கழுதைகளை மறந்து நம்மைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடுவார், திரும்பிவிடலாம் என்று அவர் கூறியபோது, பக்கத்து ஊரில் இறைவனின் தூதர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்டுப் பார்ப்போம் என்றான் வேலையாள். அந்தத் தூதரே சாமுவேல். குர்ஆன் அந்நபியின் பெயரைக் குறிப்பிடவில்லை. விரிவுரையாளர்களில் பலர் ஷம்வீல் என்பர். கழுதை தேடிப் போனவர் அரசராகும் செய்தியோடு வீடு திரும்பினார். வீட்டில் அதைப்பற்றி அவர் மூச்சுவிடவில்லை. கழுதைகள் கிடைத்துவிட்டனவாம் என்று மட்டும் சொன்னார்.

மக்கள் அரசர் வேண்டுமென்று கேட்டபோதே அந்நபி அவர்களை எச்சரித்திருந்தார்கள். அரசர் வந்தால் உங்கள் ஆண்மக்களைத் தம் இரதங்களுக்கு முன்னே ஓடவும், தம் வயல்களை உழவும் பிடித்துக்கொள்வார். உங்கள் பெண்மக்களைச் சமையலுக்கும் ரொட்டி சுடவும் எடுத்துக்கொள்வார். உங்கள் நல்ல வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் பறித்துத் தம் ஊழியர்களுக்குக் கொடுப்பார். தானியத்திலும் ஆட்டு மந்தையிலும் பத்தில் ஒன்று அவருக்குப் போகும். கடைசியில் நீங்களே அவருக்கு அடிமைகளாகி ஓலமிடுவீர்கள் என்றெல்லாம் விளக்கினார்கள். மக்கள் கேட்பதாயில்லை. மற்ற சமூகத்தாருக்கெல்லாம் அரசர் இருக்கிறாரே என்பது அவர்கள் பதில். இந்த எச்சரிக்கையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது வேறோர் இடத்தில் வேறொருவர் வாயிலிருந்து வரும்.

மிஸ்பா என்னும் ஊரில் எல்லாரையும் கூட்டிச் சீட்டுப் போட்டபோது தாலூத்தின் பெயர் விழுந்தது. ஆளைக் காணோம். தேடிப் பார்த்தால், மூட்டை முடிச்சுகளுக்கிடையே ஒளிந்துகொண்டிருந்தார்! இழுத்து வந்து நிறுத்தினார்கள். கூட்டத்திலிருந்த எவரும் அவருடைய தோளுக்கு மேல் உயரமில்லை. இவரா நம்மைக் காப்பாற்றப் போகிறார் என்று சிலர் ஏளனம் செய்தார்கள்; காணிக்கை கொண்டுவரவும் இல்லை. தாலூத் காதில் விழாதவர்போல் இருந்துவிட்டார்.

அரசரான பிறகும் அவர் ஏர் உழுதுகொண்டிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். யோர்தான் நதிக்குக் கிழக்கே யாபேஸ் கீலேயாத் என்று ஓர் ஊர். அம்மோனியரின் தலைவனான நாகாஸ் அதை முற்றுகையிட்டு, ஊராரின் வலக்கண்ணைத் தோண்டிய பிறகே சமாதானம் என்றான். அவர்கள் ஏழு நாள் தவணை கேட்டு ஆளனுப்பினார்கள். வயலிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த தாலூத் ஊரார் அழுவதைக் கேட்டு விஷயத்தை அறிந்தார். உடனே அம்மாடுகளைத் துண்டம் போட்டு நாடெங்கும் அனுப்பி, வராதவனின் மாடுகளுக்கு இதே கதி என்று அறிவித்துப் படை திரட்டினார். விடியுமுன் எதிரியின் பாசறையில் பாய்ந்து அவ்வூரைக் காப்பாற்றினார். வெற்றிக் களிப்பில் மக்கள், அன்று ஏளனம் செய்தவர்களைக் கொண்டுவந்து வெட்டுவோம் என்று கூச்சலிட்டபோது, இறைவன் வெற்றியளித்த இந்நாளில் ஒருவரும் கொல்லப்படலாகாது என்று தடுத்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர்தாம் அவர். இதைச் சொல்லாமல் பின்னால் நடந்தவற்றை மட்டும் சொல்வது அவருக்கு நாம் செய்யும் அநீதியாகும். தம்மைப் பழித்தவர்களையே மன்னித்த ஒருவர், தம்மை ஒருபோதும் பழிக்காத ஒரு ஊரையே அழிக்கும் நிலைக்கு எப்படி வந்தார் என்பதே கேள்வி.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. மிக்மாஸ் என்னுமிடத்தில் பெலிஸ்தியருடன் போர். தாலூத்தின் மூத்த மகன் யோனத்தான், ஆயுதம் சுமக்கும் பணியாளன் ஒருவனை மட்டும் உடனழைத்துக்கொண்டு செங்குத்தான பாறையில் கையாலும் காலாலும் பற்றியேறி எதிரியின் காவலைத் தாக்கினார். எதிரிப் படை கலங்கி ஓடிற்று. அன்று மாலைவரை உணவு தொடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று தாலூத் படைக்கு ஆணையிட்டிருந்தார். அதை அறியாத மகன் காட்டில் வழிந்த தேனைக் கோல்நுனியால் தொட்டு வாயில் வைத்துவிட்டார். விஷயம் வெளிப்பட்டதும், மகனேயானாலும் சாகத்தான் வேண்டும் என்று சத்தியம் செய்தார் தந்தை. படை முழுவதும் எதிர்த்து நின்றது. இன்றைய வெற்றிக்குக் காரணமானவரின் தலைமுடி ஒன்றும் தரையில் விழ விடமாட்டோம் என்று சொல்லி யோனத்தானை மீட்டார்கள். தாலூத்தின் ஆணை மறுக்கப்பட்ட முதல் சந்தர்ப்பம் இது. மறுத்திராவிட்டால் தம் கையாலேயே பெற்ற மகனைக் கொன்ற தந்தையாக அவர் வீடு திரும்பியிருப்பார்.

அடுத்து அமலேக்கியருடன் போர். கைப்பற்றியவற்றில் எதையும் மிச்சம் வைக்கலாகாது என்பது நபியின் மூலம் வந்த கட்டளை. தாலூத் அவர்களுடைய அரசன் ஆகாகையும், ஆடுமாடுகளில் கொழுத்தவற்றையும் உயிரோடு வைத்துக்கொண்டார். கேட்டபோது மக்கள்மேல் பழியைப் போட்டார். மக்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்றார். அதற்கிடையில் தமக்கு ஒரு வெற்றித் தூணையும் நாட்டிக்கொண்டிருந்தார். அன்றோடு நபி சாமுவேல் அவரை விட்டு விலகினார்கள். அதன்பின் அந்நபி அவருக்காகத் துக்கித்துக்கொண்டேயிருந்தார்கள் என்று அந்நூல் கூறுவது நம் நெஞ்சைத் தொடுகிறது.

ஜாலூத்தின் வரலாறு நாம் அறிந்ததே. ஒன்று மட்டும் குறிப்பிடுவோம். ஆற்றைக் கடந்து தாலூத்துடன் நிலைத்து நின்றவர்களின் தொகை, பத்ருப் போரில் நாயகம் (ஸல்) அவர்களுடன் இருந்தவர்களின் தொகையாகிய முந்நூற்றுப் பத்துக்குச் சற்று மேல் என்று பராஉ (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரீயில் உள்ளது. பழைய ஏற்பாடோ நீரால் நடந்த சோதனையைத் தாலூத்துக்கு முந்தியவரான கிதியோன் என்பவரின் வரலாற்றில், 300 பேருடன் வைத்துக் கூறுகிறது.

ஜாலூத் வீழ்ந்த அன்றே தாவூத் (அலை) அவர்களை யோனத்தான் தம் உயிர்போல் நேசிக்கத் தொடங்கினார். தம் மேலங்கியைக் கழற்றி அவர்களுக்கு அணிவித்தார். வாள், வில், கச்சை எல்லாவற்றையும் கொடுத்தார். பட்டத்துக்குரிய மகன் தன் அங்கியைக் கழற்றி ஆட்டிடையர் வீட்டுப் பிள்ளைக்கு அணிவிப்பது சாதாரணச் செய்தியன்று. தந்தைக்கு ஆட்சி எவ்வளவு பெரிதாகப் பட்டதோ, மகனுக்கு அவ்வளவு சிறிதாகப் பட்டது. ஊர்ப் பெண்கள் தாலூத்தைவிடத் தாவூதைப் பத்து மடங்கு உயர்த்திப் பாடி ஆடினார்கள். அந்தப் பாட்டுத்தான் விஷமாயிற்று. அன்று முதல் மன்னரின் கண்ணில் பொறாமை குடிகொண்டது. மனம் கலங்கும்போதெல்லாம் தாவூதின் யாழோசைதான் அவருக்கு ஆறுதல். அந்த யாழை வாசித்துக்கொண்டிருந்தவர்மீதே ஈட்டியை எறிந்தார். தப்பியது தாவூத் மட்டுமல்ல, தாலூத்தும் ஒரு கொலைப் பழியிலிருந்து தப்பினார் என்றே சொல்ல வேண்டும். தம் மகள் மீகாளை அவருக்கு மணமுடித்துக் கொடுத்ததும் பெலிஸ்தியர் கையால் அவர் மடியட்டும் என்ற எண்ணத்தோடுதான். அந்த மகளும் தந்தையின் ஆட்கள் வீட்டைச் சூழ்ந்த இரவில் கணவரைச் சன்னல் வழியே இறக்கிவிட்டுக் காப்பாற்றினாள்.

யோனத்தான் தந்தையை விட்டு ஓடவில்லை. தந்தைக்கெதிராகப் படை திரட்டவுமில்லை. நேரே அவரிடம் சென்று பேசினார். தாவூத் உங்களுக்கு என்ன தீங்கு செய்தார், உயிரைப் பணயம் வைத்து உங்களுக்காகப் போரிட்டவரல்லவா, குற்றமற்ற இரத்தத்துக்கு ஏன் ஆளாகிறீர்கள் என்று எடுத்துச் சொன்னார். மன்னரும் மனமிரங்கி, கொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார். சத்தியம் நீடிக்கவில்லை. பின்னர் அமாவாசை கழிந்து பிறை தொடங்கும் விருந்தில் தாவூதின் இருக்கை இரண்டாம் நாளும் காலியாக இருந்தது. அவன் உயிரோடிருக்கும்வரை உனக்கு ஆட்சி நிலைக்காது, அவனைப் பிடித்துவா என்று மகனிடம் சீறினார் தாலூத். அவர் ஏன் சாக வேண்டும், என்ன செய்தார் என்று மகன் மறுபடியும் அதையே கேட்டார். இப்போது ஈட்டி மகனை நோக்கிப் பறந்தது. எந்த ஆட்சியை மகனுக்காகக் காப்பாற்றுவதாகச் சொன்னாரோ, அதற்காகவே மகனைக் கொல்லத் துணிந்தார்! பதவியாசை தன் காரணத்தைத் தானே தின்றுவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? யோனத்தான் உணவைத் தொடாமல் எழுந்து சென்றார். மறுநாள் வயல்வெளியில் அம்பெய்து, முன்பே பேசி வைத்த அடையாளத்தால் நண்பருக்கு எச்சரிக்கை கொடுத்து, இருவரும் அழுது பிரிந்தார்கள். பிறகும் அவர் திரும்பி வந்தது தந்தையின் வீட்டுக்குத்தான்.

இனி நோபு என்னும் ஊரில் நடந்தது. தாலூத்தின் வாழ்வில் இதற்கு ஒப்பான கொடுமை வேறில்லை.

தாவூத் (அலை) அவர்கள் தப்பிச் செல்லும் வழியில் நோபுக்கு வந்தார்கள். அது குருமார்களின் ஊர். தலைமைக் குரு அகிமெலேக்கு. மன்னர் வீட்டு மருமகனும் படைத்தலைவருமாகிய ஒருவர் பசியோடு வாசலில் நிற்கிறார். ஆலயத்தில் படைக்கப்பட்டிருந்த ரொட்டியை அவர் எடுத்துக் கொடுத்தார். அங்கே துணியில் சுற்றி வைத்திருந்த ஜாலூத்தின் வாளையும் கொடுத்தார். அரண்மனையில் நடப்பது எதுவும் அம்மனிதருக்குத் தெரியாது. ஆனால் தாலூத்தின் இடையர்களுக்குத் தலைவனான தோவேக்கு என்னும் ஏதோமியன் அன்று அங்கே இருந்தான், பார்த்துக்கொண்டிருந்தான்.

கிபியாவில் ஒரு மரத்தடியில் தாலூத் அமர்ந்திருக்கிறார். மூலநூலின் ஹீப்ரு மொழியில் அம்மரத்தின் பெயர் ஏஷெல். அரபியில் அஸ்ல். ஸபா நாட்டாரின் தோட்டங்கள் அழிந்தபின் அங்கே எஞ்சியவற்றில் ஒன்றாகக் குர்ஆன் கூறுகிறதே, அதே மரந்தான். கையில் ஈட்டி. சுற்றிலும் சொந்தக் கோத்திரத்து ஊழியர்கள். அவர்களைப் பார்த்து அவர் புலம்புகிறார். ஈசாயின் மகன் உங்களுக்கெல்லாம் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் கொடுப்பானா, உங்களையெல்லாம் ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் தலைவர்களாக்குவானா, ஏன் எல்லாரும் எனக்கெதிராகச் சதி செய்கிறீர்கள், எனக்காகப் பரிதாபப்பட ஒருவனும் இல்லையா என்கிறார். நபி சாமுவேலின் பழைய எச்சரிக்கையை வாசகர்கள் இப்போது நினைவுகூர வேண்டும். மக்களின் வயல்களையும் தோட்டங்களையும் பறித்து ஊழியர்களுக்குக் கொடுப்பார் என்றார்களே, அதை மன்னர் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். தம்மிடம் யாரும் ஏன் இருக்கிறார்கள் என்பதற்கு அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றே. விலை கொடுத்து வாங்கியதை விசுவாசம் என்று எண்ணியவர், பிறகு எல்லாரையும் சந்தேகிக்காமல் என்ன செய்வார்?

தோவேக்கு தான் கண்டதைச் சொன்னான். அகிமெலேக்கும் அவர் குடும்பத்துக் குருமார் யாவரும் வரவழைக்கப்பட்டார்கள். அந்தப் பெரியவர் பயப்படவில்லை. மன்னரே, உங்கள் ஊழியர்களில் தாவூதைப்போல் உங்களுக்கு நம்பகமானவர் யார், அவருக்காக நான் பிரார்த்திப்பது இன்றுதான் தொடக்கமா, இந்த விவகாரம் எதுவும் நான் அறியேன் என்று உள்ளதைச் சொன்னார். மன்னர் விசாரணையை அத்துடன் முடித்து, அனைவரையும் கொல்லும்படித் தம்மைச் சூழ நின்ற மெய்க்காவலர்களுக்கு உத்தரவிட்டார்.

காவலர்கள் கையை உயர்த்தவில்லை.

அவர்கள் பெயர் ஒன்றும் அந்நூலில் இல்லை. எத்தனை பேர் என்பதும் இல்லை. மன்னரின் முகத்துக்கெதிரே, அவர் கையில் ஈட்டி இருக்கும்போது, இறைவனின் ஊழியர்கள்மீது கைவைக்க அவர்கள் மறுத்தார்கள் என்ற ஒரு வரி மட்டுமே உள்ளது. இதைப் படிக்கும்போது நமக்கு வேறொரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பிய ஒரு சிறு படைக்கு அன்ஸாரிகளில் ஒருவர் தலைவர். வழியில் கோபம் கொண்ட அவர் விறகு சேர்த்துத் தீ மூட்டச் செய்து, அதில் இறங்குமாறு தம் ஆட்களுக்கு ஆணையிட்டார். எனக்குக் கீழ்ப்படியும்படி உங்களுக்குச் சொல்லப்படவில்லையா என்றும் கேட்டார். நெருப்புக்குப் பயந்துதானே நாம் நபியிடம் ஓடி வந்தோம் என்று அவர்கள் தயங்கி நின்றார்கள். தீயும் அணைந்தது, அவர் கோபமும் தணிந்தது. திரும்பி வந்து கூறியபோது, அதில் இறங்கியிருந்தால் அவர்கள் ஒருபோதும் வெளியே வந்திருக்க மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நன்மையில் மட்டுமே என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். இது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. கிபியாவின் காவலர்களுக்கு இதைச் சொல்லித் தர ஒருவருமில்லை. இருந்தும் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மன்னர் தோவேக்கின் பக்கம் திரும்பினார். அவன் மறுக்கவில்லை. சணல்நூல் அங்கியணிந்த குருமார் 85 பேரை அன்று அவன் ஒருவனே வெட்டினான் என்று அந்நூல் கூறுகிறது. பிறகு நோபு ஊரும் வாளுக்கு இரையாயிற்று. ஆண், பெண், பாலகர், பால்குடிக் குழந்தைகள், மாடு, கழுதை, ஆடு ஒன்றும் விடப்படவில்லை. அமலேக்கியரின் கொழுத்த ஆடுகளைக் கொல்ல மனம் வராதவருக்குத் தம் சொந்த ஜனத்தின் குழந்தைகளைக் கொல்ல மனம் வந்தது.

அன்று மன்னர் சொன்னபடி நடந்தவன் தோவேக்கு ஒருவன்தான். மற்றவர்கள் மறுத்தபோது நின்றிருக்கக்கூடிய ஒரு பாவத்தை அவனுடைய கீழ்ப்படிதல் நடத்தி முடித்தது. தாலூத்துக்கு அவனைவிடக் கொடிய விரோதி வேறு யார்? ஜாலூத்தின் ஈட்டியால் அவருக்கு விளைந்திருக்கக்கூடிய கேடு உயிரோடு முடிந்துபோகும்; இவன் வாளால் விளைந்த கேடு அத்தோடு முடிவதல்ல. காவலர்களின் மறுப்பை அவர் ஏற்றிருந்தால், மரத்தடியில் கோபத்தில் ஏதோ பேசினார் என்பதோடு அது போயிருக்கும்.

அகிமெலேக்கின் மகன் அபியத்தார் ஒருவர் மட்டும் தப்பி ஓடித் தாவூத் (அலை) அவர்களிடம் சேர்ந்தார். அவர்கள் யார்மீதும் பழி போடவில்லை. உன் தந்தை வீட்டார் அனைவரின் சாவுக்கும் நானே காரணமாகிவிட்டேன், என்னுடன் இரு, பயப்படாதே என்றார்கள். மன்னர் தாம் செய்ததை மக்கள்மேல் போட்டார். இவர்களோ தாம் செய்யாததைத் தம்மேல் போட்டுக்கொண்டார்கள்.

நம் சரித்திராசிரியர்கள் கூறுவதில் இச்சம்பவம் வேறு உருவில் வருகிறது. தாவூத் விஷயத்தில் தம்மைக் கண்டித்த ஆலிம்களைத் தாலூத் தேடித் தேடிக் கொன்றார் என்றும், இஸ்முல் அஃளம் அறிந்த ஒரு பெண்மணியும் அவ்வாறு பிடிபட்டபோது, அவளைக் கொல்லுமாறு தம் ரொட்டிக்காரருக்கு உத்தரவிட்டார் என்றும் தபரீ எடுத்தெழுதும் அறிவிப்பு சொல்கிறது. ரொட்டிக்காரர் இரக்கப்பட்டு, என்றாவது ஓர் அறிவாளி தேவைப்படுவார் என்று எண்ணி அவளை மறைத்து வைத்தார். பிற்காலத்தில் தாலூத் தாம் செய்ததை நினைத்து அழுது, எனக்குத் தவ்பா உண்டா என்று சொல்ல ஓர் ஆலிமும் இல்லையே என்று தவித்தபோது, வழிகாட்ட அவள் ஒருத்தியே எஞ்சியிருந்தாள். ஆட்சியைத் துறந்து, மக்களுடன் அல்லாஹ்வின் பாதையில் போரிட்டு மடிவதே அவருக்குரிய தவ்பா என்று அறிவிக்கப்பட்டது. அவரும் அவ்வாறே செய்தார் என்பது அந்த அறிவிப்பு. இப்னு கஸீர் (ரஹ்) இதன் சில பகுதிகளை ஏற்கத் தயங்குகிறார்கள். நாமும் வற்புறுத்தவில்லை. ஆயினும் மாவு பிசைகிற ஒரு ரொட்டிக்காரரின் கீழ்ப்படியாமைதான் மன்னருக்குத் தவ்பாவின் வாசலைத் திறந்து வைத்தது என்ற இந்த இடம், நோபுவின் காவலர்களைப் பற்றிய செய்தியோடு எவ்வளவு ஒத்திருக்கிறது!

பழைய ஏற்பாட்டின்படி தாலூத் பிறகும் தாவூதைத் துரத்திக்கொண்டேயிருந்தார். எங்கேதி என்னுமிடத்தில் 3,000 பேருடன் தேடி வந்தவர், தாவூதும் தோழர்களும் உள்ளே ஒளிந்திருந்த அதே குகைக்குள் தனியாக நுழைந்தார். இதுதான் தருணம் என்றார்கள் தோழர்கள். தாவூத் (அலை) அவர்கள் மன்னரின் அங்கியில் ஓர் ஓரத்தை மட்டும் அறுத்தார்கள். அறுத்ததற்கே மனம் வருந்தினார்கள். இறைவனால் நியமிக்கப்பட்டவர்மீது கைவைப்பது எனக்கு ஆகாது என்று தோழர்களைத் தடுத்துவிட்டார்கள். வெளியே வந்தபின் தொலைவிலிருந்து அந்தத் துண்டைக் காட்டியபோது தாலூத் வாய்விட்டு அழுதார். நீ என்னைவிட நீதிமான் என்றார். மற்றொரு முறை இரவில், படை முழுவதும் உறங்கும்போது, மன்னரின் தலைமாட்டிலிருந்த ஈட்டியையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் மட்டும் எடுத்துச் சென்றார்கள். தம்மீது பலமுறை குறி பார்த்த அந்த ஈட்டியை ஆளனுப்பித் திருப்பிப் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள்! இங்கே இன்னொரு பக்கத்தையும் காண்கிறோம். அக்கிரமத்துக்குத் துணைபோக மறுப்பது ஒன்று. அக்கிரமக்காரரின் இரத்தத்தைக் குடிக்கத் துடிப்பது வேறொன்று. முதலாவதைச் செய்தவர்கள் இரண்டாவதைச் செய்யவில்லை.

இந்த ஓட்டத்தினிடையே யோனத்தான் ஒருமுறை காட்டுக்கு வந்து தாவூதைச் சந்தித்தார். அஞ்சாதீர், என் தந்தையின் கை உம்மை எட்டாது, நீரே அரசராவீர், நான் உமக்கு அடுத்தவனாக இருப்பேன், என் தந்தையும் இதை அறிவார் என்று திடப்படுத்திவிட்டு வீடு திரும்பினார். அதன்பின் அவர்கள் சந்திக்கவில்லை.

கடைசிப் போர் கில்போவா மலையில் நடந்தது. அதன் அடிவாரத்திலுள்ள ஊற்றுக்கு ஐனு ஜாலூத் என்று பெயர். ஹிஜ்ரி 658 (கி.பி. 1260) ரமலானில் மம்லூக்குகள் மங்கோலியரை முறியடித்தது அங்கேதான். தாலூத்துக்கோ அங்கே தோல்வி. மகன்கள் மூவர் அவர் கண்ணெதிரே வீழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர் யோனத்தான். நண்பருக்காகத் தந்தையின் ஈட்டிக்கு நெஞ்சு கொடுத்தவர், சாகும்போது நின்ற இடம் தந்தையின் பக்கம். அம்புகளால் காயமுற்ற தாலூத், எதிரிகள் கையில் சிக்கி அவமானப்படாதபடித் தம்மைக் குத்திக் கொல்லுமாறு ஆயுதம் சுமக்கும் பணியாளனிடம் கேட்டார். அவனும் பயந்து மறுத்தான். அவர் வாழ்வில் மறுக்கப்பட்ட கடைசி ஆணை அது. பிறகு அவர் தம் வாளின்மீது தாமே விழுந்தார் என்று அந்நூல் கூறுகிறது. நம் அறிவிப்பாளர்கள் போரிட்டு மடிந்தார் என்று மட்டும் கூறுவர். அல்லாஹ்வே அறிந்தவன்.

பெலிஸ்தியர் அவர் தலையைத் துண்டித்து, உடலைப் பெத்சான் நகரின் மதிலில் தொங்கவிட்டார்கள். பெத்சான் என்பது, தஜ்ஜாலைப் பற்றித் தமீமுத்தாரீ (ரலி) அறிவித்த செய்தியில் பேரீச்ச மரங்களோடு குறிப்பிடப்படுகிறதே, அந்தப் பைஸான்தான். மன்னரிடம் வயலும் தோட்டமும் பெற்ற பென்யமீன் ஊழியர்கள் ஒருவரும் அங்கே வந்ததாகச் செய்தி இல்லை. வந்தவர்கள் யோர்தானுக்கு அப்பாலிருந்த யாபேஸ் கீலேயாத் ஊரார். ஏர் மாட்டைத் துண்டாக்கி ஓடிவந்து தங்கள் கண்களைக் காத்தவரை அவர்கள் மறக்கவில்லை. இரவு முழுவதும் நடந்து வந்து, எதிரியின் மதிலிலிருந்து தாலூத்தின் உடலையும் அவர் மக்களின் உடல்களையும் இறக்கித் தம் ஊருக்குச் சுமந்து சென்றார்கள். அங்கே ஓர் ஏஷெல் மரத்தடியில் எலும்புகளை அடக்கம் செய்து ஏழு நாள் நோன்பிருந்தார்கள்.

தாவூத் (அலை) அவர்கள் ஆளனுப்பி அவ்வூராருக்கு நன்றி கூறினார்கள். தாமே மன்னரைக் கொன்றதாகச் சொல்லிப் பரிசுக்கு வந்து நின்ற ஓர் அமலேக்கியனுக்கு மரண தண்டனை அளித்தார்கள். ஆட்சி நிலைபெற்றபின், தாலூத்தின் வீட்டில் எஞ்சியவர் யாரேனும் உண்டா என்று விசாரித்தார்கள். யோனத்தானின் மகன் மேவிபோசேத்து, இரு கால்களும் முடமானவர், ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்தார். முன்னாள் மன்னரின் பேரன் அகப்பட்டால் என்ன நடக்கும் என்பதை அவரும் அறிந்திருப்பார். நடுங்கிக்கொண்டே வந்து விழுந்தார். தாவூத் (அலை) அவர்கள் பாட்டனாரின் நிலங்கள் அனைத்தையும் அவருக்குத் திருப்பிக் கொடுத்து, தம் பிள்ளைகளோடு ஒருவராகத் தம்முடன் அமர்ந்து உண்ணச் செய்தார்கள். பின்னர் யாபேஸ் ஊரிலிருந்து தாலூத்தின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் எடுத்துவரச் செய்து, பென்யமீன் நாட்டில், கழுதைகளைத் தேடிவர மகனை அனுப்பிய அந்தக் கீஸின் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.